தள்ளிப்போட்டது யார்?

2025 நவம்பரில் ஐதராபாத் ஐ.ஐ.டி. மாணவர்களிடம் பேசிய உபாசனா கொனிடேலா, பெண்களுக்கு ஆகப்பெரிய காப்பீடு கருமுட்டையை எடுத்துச் சேமித்துவைப்பதுதான் என்றார். பிறந்தது அப்போலோ குடும்பம், புகுந்தது சினிமாக் குடும்பம். சமூக ஊடகம் சும்மா விடுமா? லட்சக்கணக்கில் செலவாகும் ஒன்றைக் காப்பீடு என்று சொல்ல உங்களால்தான் முடியும் என்று ஒரு கூட்டம் பாய்ந்தது. ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தன் பங்குக்கு, இளைஞர்கள் இருபதுகளிலேயே கல்யாணம் செய்து பிள்ளை பெற வேண்டும், சமூகத்துக்கும் முன்னோருக்கும் அது செய்யவேண்டிய கடமை என்று எழுதினார். ஒரு வாரம் நல்ல சத்தம். பிறகு எல்லாரும் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் யாரும் மறுக்காத ஒரு எண்ணம் இருந்தது. எக் ஃப்ரீசிங் நல்லது என்றவர்களும் கெட்டது என்றவர்களும் அதைச் சொந்தப் பணத்தில் செய்துகொள்ளும் காரியமாகவே பார்த்தார்கள். பொதுப்பணம் என்ற பேச்சை எடுத்தால் இரு தரப்பும் கைகோத்துக்கொள்ளும். வாதம் எல்லாருக்கும் மனப்பாடம்: புற்றுநோய்ப் பெண்ணுக்குக் கீமோவுக்கு முன் முட்டையை எடுத்துவைப்பது மருத்துவம், படிப்பு, வேலை, பதவி உயர்வு என்று தானாகத் தள்ளிப்போட்டவள் எடுத்துவைப்பது விருப்பம். விருப்பத்துக்கு அரசு செலவழிக்குமா? காசநோய்க்கும் ரத்தசோகைக்குமே பணம் போதாத நாட்டில் இது யாருக்கான ஆடம்பரம்?

இந்த வாதம் நியாயமானதாகத் தெரிகிறது. படித்தவர்கள், இடதுசாரிகள், பெண்ணியவாதிகள் பலரும் இதையே சொல்கிறார்கள். இதில் ஒரு சொல் மட்டும் நிரூபிக்கப்படாமலே உள்ளே நுழைந்துவிடுகிறது. 'தானாக.' அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தால் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம்.

இழுத்துப் பார்க்கச் சென்னையைவிட மின்னி பே நல்ல இடம். போர்ட் பிளேரின் ஓரத்தில் இருக்கிறது. (2024 செப்டம்பரிலிருந்து அரசுக் காகிதங்களில் ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம், வாயில் வருவது இன்னும் போர்ட் பிளேர்தான்.) கடற்படைக் குடியிருப்புகள், ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி என்ற படை மருத்துவமனை, மேட்டிலிருந்து பார்த்தால் கடல். முப்படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் நாட்டின் முதல் கட்டளையகமான அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் 2001-இல் வந்தபின் சீருடைக் குடும்பங்கள் பெருகின. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியர்கள், தீவு நிர்வாகத்தின் ஆசிரியைகள், செவிலியர்கள், 'டி.ஆர்.எம்.' என்று எல்லாரும் சொல்லும் தினக்கூலி மஸ்தூர்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சம்பளம் ஏதோ ஒரு வழியில் அரசாங்கத்திடமிருந்துதான். தனியார் கம்பெனியின் கொடுமை, ஐ.டி. கலாச்சாரம் என்று பழியை வேறு யார் தலையிலும் போட இங்கே வழியில்லை. ஒரு பெண்ணின் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரையான வருடங்கள் எங்கே, யாரோடு கழியும் என்பதைப் போஸ்டிங் ஆர்டர் தீர்மானிக்கிறது. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் ஒரே ஊரில் வைக்கவேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு, 'இயன்றவரை' என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல்லால் எத்தனை தம்பதிகள் விசாகப்பட்டினத்துக்கும் போர்ட் பிளேருக்குமாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

இது தற்செயலான நிர்வாகச் சிக்கல் என்று யாராவது சொல்லலாம். பழைய கோப்புகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. இந்திய அரசு தன் பெண் ஊழியர்களின் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் எழுத்துபூர்வமான விதிகள் போட்டே தள்ளிவைத்திருக்கிறது.

சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அப்போதைய விதிப்படி, அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கவேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவளை ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இந்த விதி இல்லை. 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்த விதிகளைக் கடுமையாகச் சாடித் தீர்ப்பெழுதியபோது குடியரசுக்கு முப்பது வயது ஆகப்போகிறது. 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கு. ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம். விமானப் பணிப்பெண் முதல் கர்ப்பத்தோடு வேலையை இழப்பாள் என்ற விதியை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவைத்தது.

தன்வந்தரி மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு நினைத்துப்பார்க்க வேண்டிய வழக்கு இன்னொன்று. செலினா ஜான், ராணுவச் செவிலியர் பணியில் அதிகாரி. கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். 1977-இல் போட்ட ஒரு ராணுவ உத்தரவு அதற்கு இடம் கொடுத்தது. 1995-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு 60 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில். முப்பத்தைந்து வருடம் கழித்து வந்த இழப்பீடு. அந்த விதி இருந்த காலத்தில் வேலை முக்கியம் என்று கல்யாணத்தை வேண்டாமென்று வைத்த செவிலியர்கள் எத்தனை பேர்? அவர்கள் வழக்குப் போட முடியாது. அவர்களுக்கு நடந்ததைத்தான் நம் அகராதி 'சொந்த விருப்பம்' என்று எழுதிவைத்திருக்கிறது.

இன்றைக்கு இதெல்லாம் மாறிவிட்டதே என்பார்கள். மாறியிருக்கிறது, நீதிமன்றம் காதைத் திருகிய அளவுக்கு. 2020 பிப்ரவரி 17-இல் பபிதா புனியா வழக்கில் தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கும், சரியாக ஒரு மாதம் கழித்து ஆனி நாகராஜா வழக்கில் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உரிமை கிடைத்தது. அதற்கு முன் பெரும்பாலோருக்குக் குறுகிய காலப் பணி மட்டும்தான்: பத்து வருடம், நீட்டித்தால் பதினான்கு. பபிதா புனியா வழக்கில் மத்திய அரசு என்ன வாதிட்டது? கர்ப்பம், தாய்மை, குழந்தைகள் மீதும் குடும்பத்தின் மீதும் உள்ள கடமைகள் காரணமாகப் பெண்களுக்குப் படைப்பணி கடினம் என்றது. நீதிமன்றம் அதைப் பழைய பாலினப் பார்வை என்று ஒதுக்கியது. வாதம் தோற்றது, வாதிட்டவரின் மனம் மட்டும் தெரிந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் வேலைக்கு முழுதாக உதவமாட்டாள் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த அதே அரசு, பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைத்தவளிடம் 'அது உன் சொந்த விஷயம்மா, உன் செலவு' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அக்னிவீர் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 2022 முதல் கடற்படை பெண்களையும் எடுக்கிறது. நான்கு வருடம் கல்யாணம் கூடாது. அவர்கள் இருபதை ஒட்டிய வயதினர். முட்டை சேமிக்கும் அவசரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பெண்ணின் நாட்காட்டியில் அரசு பேனாவோடு உட்கார்ந்திருக்கும் பழக்கம் 1979-இல் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது போதும்.

விருப்பத்துக்குப் பொதுப்பணம் கிடையாது என்ற கொள்கைக்கு வருவோம். அப்படி ஒரு கொள்கை இந்தியாவில் எப்போதும் இருந்ததில்லை.

குடும்பக் கட்டுப்பாடு நோய்க்கு வைத்தியமா? ஆரோக்கியமான பெண், தன் விருப்பத்தில் (என்றுதான் படிவம் சொல்கிறது), அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை செய்துகொள்கிறாள். கையில் ஊக்கத்தொகையும் கொடுக்கிறார்கள். கருக்கலைப்பு அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது; 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதில் மணமான பெண், மணமாகாத பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆக, பிள்ளை வேண்டாம் என்ற விருப்பத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொதுப்பணம் செலவாகிறது. பிள்ளை பிறகு வேண்டும் என்ற விருப்பத்துக்கு மட்டும் கல்லாப்பெட்டி மூடிக்கொள்கிறது.

இதைவிட நேரான முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அந்தமானும் நாகப்பட்டினமும் ஒரே நாளில், ஒரே அலையில் செத்தன: 2004 டிசம்பர் 26. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்து கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது; தனியாரிடம் செய்துகொண்டால் 25,000 ரூபாய் வரை தருவதாகவும் சொன்னது. அந்தப் பெண்களுக்கு நோய் எதுவும் இல்லை. தாங்களே சம்மதித்துச் செய்துகொண்ட அறுவையைத்தான் மாற்றச் சொன்னார்கள். வெற்றி நிச்சயமும் இல்லை. இன்றைய 'விருப்பத்தின் பேரில்' என்ற அளவுகோலை வைத்தால் அத்தனையும் ஆடம்பரம். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் அவரை மனிதராகவே மதித்திருக்க மாட்டோம். பிள்ளை பெறும் திறனை மீட்டுக்கொடுப்பது பொதுப்பணத்துக்கு உகந்த காரியம்தான் என்று நாம் ஏற்றுக்கொண்டு இருபது வருடம் ஆகிவிட்டது. பேரிடர் வேறு, இது வேறு என்று யாரும் மறுக்கலாம். வேறுதான். அங்கே இரக்கம் நம்மைச் சம்மதிக்கவைத்தது; இங்கே கல்யாணமாகாத, சம்பாதிக்கிற, முப்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் நமக்கு இரக்கம் வரமாட்டேன் என்கிறது. பொதுப்பணத்துக்கான நெறி யார் மீது நமக்குப் பாவம் வருகிறது என்பதைப் பொறுத்தது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னும் கேலிக்கூத்தான ஒன்று அரசின் விதிப்புத்தகத்திலேயே உள்ளது. மத்திய அரசு ஊழியர் மருத்துவ விதிகளின்படி, குழந்தையில்லாத மணமான தம்பதிக்கு ஐ.வி.எஃப். சிகிச்சைச் செலவு திரும்பக் கிடைக்கும். 2011 நவம்பர் உத்தரவு. ஒரு சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சி வரை. மனைவிக்கு 21-இலிருந்து 39-க்குள் வயது இருக்கவேண்டும். நல்ல உத்தரவு, குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு இதைப் படிக்கவேண்டும்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்கு வாழ்நாள் முழுதுக்குமான முட்டைகள் இருக்கும்: பத்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவே. பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம். பிறகு குறைவு மட்டும்தான், கூடுவது கிடையாது. எண்ணிக்கை குறைவதோடு தரமும் குறைகிறது. முப்பத்தைந்தைத் தாண்டியதும் சரிவு வேகமெடுக்கும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் மேற்கத்தியப் பெண்களைவிடச் சில வருடம் முன்னதாகவே. கருப்பை முதுமை அடைவதைவிட முட்டை முதுமை அடைவதுதான் முதல் சிக்கல். அதனால்தான் இளவயது முட்டையை எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால் அந்த வயது அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்பெயினின் ஐ.வி.ஐ. மருத்துவமனைக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முப்பத்தைந்து வயதுக்குள் சேமித்தவர்கள் பத்து முட்டைகளைப் பயன்படுத்தினால் ஒரு குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது. முப்பத்தைந்தைக் கடந்து சேமித்தவர்களுக்கு அதே பத்து முட்டையில் சுமார் முப்பது.

இப்போது விதியைப் பாருங்கள். முப்பத்திரண்டு வயதுப் பெண் அதிகாரி தன் பணத்தில் முட்டை சேமிக்க முடியாமல் விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தாறில் கல்யாணம், முப்பத்தெட்டில் சிகிச்சை. அப்போது அரசு வந்து நிற்கிறது: மூன்று முறை, முறைக்கு 65,000. வாய்ப்பு தேய்ந்தபின் கொடுக்கிற அந்த மூன்று தொகையில் ஒன்றை, வாய்ப்பு இருந்தபோது கேட்டால் அது ஆடம்பரம். தோற்பதற்கு முன்பணம் கிடையாது. தோற்றபின் மூன்று தவணை உண்டு. இப்படி ஒரு கணக்கை எந்தத் தணிக்கை அதிகாரியும் தன் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அதைத் தாண்டிக் குதித்து ஓட எனக்கு விருப்பமில்லை. முட்டையைச் சேமித்த பெண்களில் பெரும்பாலோர் அதை எடுக்கத் திரும்பி வருவதே இல்லை. சிலருக்கு இயற்கையாகவே குழந்தை பிறந்துவிடுகிறது. சிலர் வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். 2011-இல் நெதர்லாந்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: சேமித்தவர்களில் 61 விழுக்காட்டினராவது திரும்பி வந்தால்தான் நாற்பதில் ஐ.வி.எஃப். செய்வதைவிட இது செலவுக்குத் தகுந்த வழி. நடைமுறையில் அந்த அளவு எங்கும் வருவதில்லை. ஆகவே இருபத்தைந்து வயதுக்காரி எல்லாருக்கும் அரசு செலவில் முட்டை சேமிப்பு என்று யாராவது சொன்னால் நானும் எதிர்ப்பேன். டோக்கியோ மாநகர அரசு 2023 முதல் 18-இலிருந்து 39 வயதுவரை மூன்று லட்சம் யென் வரை கொடுக்கிறது. சியோலும் அதே ஆண்டு இருபது லட்சம் வோன் வரை உதவித்தொகை அறிவித்தது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் திரும்பி வராதவர்களுக்கு ஆன செலவெல்லாம் வீண் என்பது மட்டும் தவறான கணக்கு. அந்தமான் தீவுகளில் புயல் பாதுகாப்பு மையம் கட்டுகிறோம். புயல் வராத வருடத்தில் அதை வீண்செலவு என்று எழுதுவதில்லை. கேட்கவேண்டிய கேள்வி, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம் போய்ச் சேருகிறதா என்பதுதான். வயதை முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே குறுக்கு. ஒரே ஒரு சுழற்சி என்று வரம்பு கட்டு. முன்கூட்டிச் சொல்லும் ஆலோசனையில் அந்த அறுபதையும் முப்பதையும் ஒளிக்காமல் சொல். தனியார் விளம்பரங்கள் சொல்லாத உண்மையைச் சொல்ல ஓர் அரசு மருத்துவருக்கு மட்டும்தான் லாப நோக்கம் குறுக்கே நிற்காது. பிரான்ஸ் 2021 ஆகஸ்ட் சட்டத்தில் ஏறக்குறைய இதைச் செய்தது: 29-க்கும் 37-க்கும் நடுவே உள்ள பெண்ணுக்கு, முட்டை எடுக்கும் செலவு மக்கள் காப்பீட்டில்; வருடாந்தரச் சேமிப்புக் கட்டணம் அவளுடையது; பொது மருத்துவமனைகளிலும் லாப நோக்கற்ற இடங்களிலும் மட்டும்.

வர்க்கக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். மின்னி பேயில் கழிவு அள்ளும் டி.ஆர்.எம். பெண் கட்டும் மறைமுக வரியில் கமாண்டர் அம்மாவுக்கு முட்டை சேமிப்பா? கேள்வி கூர்மையானது. ஆனால் இதே கேள்வியை மகப்பேறு விடுப்பு குறித்தும் கேட்டிருக்கலாம். 1961-இல் மகப்பேறு நலச் சட்டம் வந்தபோது அது முறையான வேலையில் இருந்த பெண்களுக்கு. தினக்கூலிப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2000 வரை ஆனது, டெல்லி மாநகராட்சி மஸ்தூர் பெண்கள் வழக்கில். அதற்காக 1961 சட்டம் ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. நாற்பது வருடம் தாமதித்ததுதான் குற்றம் என்கிறோம். பொதுப்பணம் வேண்டாம் என்றால் அந்த டி.ஆர்.எம். பெண்ணுக்கு என்ன மிச்சமாகிறது? கமாண்டர் எப்படியாவது கடன் வாங்கிச் சென்னையில் செய்துகொள்வார். ஒரு சுழற்சிக்கு லட்ச ரூபாய்க்கு மேல், வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் தனி. வாங்கும் சக்தியில்லாதவளுக்கு மட்டும் அந்தக் கதவு மூடும். அவளைக் காட்டிப் பேசுகிறவர்கள் கடைசியில் அவளுக்கு எதையும் வாங்கிக்கொடுப்பதில்லை. முப்பது வயதைத் தாண்டியும் வரதட்சணைக்குச் சேர்த்துக்கொண்டோ, தம்பி தங்கைகளைக் கரையேற்றிக்கொண்டோ கல்யாணம் ஆகாமல் நிற்கும் கூலிக்காரப் பெண்களை நம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைத் தள்ளிப்போடுவது பட்டதாரிகளின் வியாதி என்று நினைப்பவர்கள் தங்கள் தெருவைச் சரியாகப் பார்த்ததில்லை.

தீவுக்காரிக்கு இன்னொரு சுமை. முட்டை எடுக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கடைசி ஊசிக்குப் பின் முப்பத்தைந்து மணி நேரம் கணக்குப் பார்த்து மயக்க மருந்து கொடுத்து எடுப்பு. சென்னைக்குப் போய் இதைச் செய்ய வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கவேண்டும். விமானக் கட்டணம், லாட்ஜ் வாடகை. கப்பலில் போனால் போகவர ஆறு நாளை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்று எதை எழுதுவாள்? அவள் எழுதாமல் விட்டாலும் அலுவலகம் எழுதிவிடும்.

இந்த இடத்தில் பெண்ணியத் தோழிகள் சிலர் கையை உயர்த்துவார்கள். ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் 2014-இல் ஊழியர்களின் முட்டை சேமிப்புக்கு 20,000 டாலர் வரை கொடுக்க முன்வந்தபோது உலகமே கேட்டது: இது சலுகையா, பிள்ளை பெறாமல் வேலை பார் என்ற நாசூக்கான உத்தரவா? அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ்டன் கார்ட்டர் 2016 ஜனவரியில் படையினருக்கு இதையே அறிவித்தார். அது அறிவிப்போடு நின்றது. படையில் இதைக் கொண்டுவந்தால் 'முட்டைதான் பத்திரமாக இருக்கிறதே, இன்னும் இரண்டு வருடம் நிக்கோபாரில் இரு' என்று சொல்லமாட்டார்களா? சொல்வார்கள். இந்தப் பயம் முழுக்க நியாயமானது. பிரெஞ்சுச் சட்டம் இதை உணர்ந்துதான், முட்டை சேமிப்புச் செலவை வேலை கொடுப்பவர் நேராகவோ மறைமுகமாகவோ ஏற்கக்கூடாது என்று தடையே போட்டது. நம் அரசு முதலாளியாகவும் இருக்கிறது, மருத்துவராகவும் இருக்கிறது. பணம் மருத்துவர் கையிலிருந்து வரட்டும். முதலாளியின் கோப்பில் அதன் சுவடே இருக்கக்கூடாது. யூனிட் தலைமைக்குத் தெரியாமல், பதவி உயர்வு வாரியத்துக்குத் தெரியாமல், நேராகச் சுகாதாரக் கணக்கில். குழந்தைக் காப்பகமும் ஒரே ஊர்ப் போஸ்டிங்கும் முதலில் வரட்டும், பிறகு இதைப் பார்க்கலாம் என்பவர்களுக்கு: இரண்டும் வரட்டும், வரும்வரை போராடுவோம். ஆனால் இன்று முப்பத்து நான்கு வயதில் இருப்பவளின் முட்டை நம் சீர்திருத்தத்துக்காகக் காத்திருக்காது.

நண்பர்கள் போல வருகிறவர்களிடம்தான் எனக்கு எரிச்சல் அதிகம். பிறப்பு விகிதம் சரிகிறது, ஆகவே அரசு முட்டை சேமிப்புக்கு உதவட்டும் என்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை; அந்தமானில் 1.3. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளை பெறச் சொன்னார். அடுத்த சில நாளில் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களைப் பதினாறு பிள்ளைகளாக்கி வேடிக்கையாகப் பேசினார். தொகுதி மறுவரையறையில் தென்மாநிலங்களுக்கு நடக்கவிருப்பது அநியாயம்தான், ஆனால் அதற்கான விடை பெண்ணின் கருப்பையில் இல்லை. மக்கள்தொகைக்காகக் கொடுக்கப்படும் பணத்துக்கு நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டே வரும். சிங்கப்பூரைப் பாருங்கள்: 2023 ஜூலை முதல் 21-க்கும் 37-க்கும் நடுவே உள்ள எந்தப் பெண்ணும் முட்டை சேமிக்கலாம், ஆனால் பயன்படுத்தச் சட்டப்படி கல்யாணமாகியிருக்க வேண்டும். சீனாவில் கல்யாணமாகாத ஷூ ஜாவ்ஜாவ் 2018-இல் பெய்ஜிங் மருத்துவமனையில் கேட்டு மறுக்கப்பட்டு, வழக்காடி, 2024-இல் கடைசி மேல்முறையீட்டிலும் தோற்றார். மக்கள்தொகைக்குத் தவிக்கும் நாடு அது. வேண்டுவது குழந்தைதான்; அதைப் பெறப்போகிறவளின் முடிவு வேண்டாம்.

நம் சட்டம் இதில் அவர்களைவிட மேல். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 21 வயது கடந்த எந்தப் பெண்ணும் மருத்துவமனையை அணுகலாம் என்கிறது. கல்யாணமானவளா என்று கேட்கவில்லை. சட்டம் திறந்த கதவைப் பணம் மூடிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2023-இல் கோவா தன் மருத்துவக் கல்லூரியில் ஐ.வி.எஃப்.பை இலவசமாக்கியது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் கருத்தரிப்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. படைத்தரப்பில் டெல்லி ராணுவ ஆராய்ச்சி மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. ஐ.வி.எஃப். நடக்கும் ஆய்வகத்தில் முட்டை எடுக்கும் ஊசியும் இருக்கும், உறையவைக்கும் தொட்டியும் இருக்கும். புதிதாகக் கட்டவேண்டியது அதிகம் இல்லை.

ஆகவே கேட்பது சின்ன விஷயம். 2011 உத்தரவு தரும் மூன்று சுழற்சிகளில் ஒன்றை, முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே உள்ள பெண் ஊழியர், மணமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே முட்டை சேமிப்புக்கு எடுத்துக்கொள்ள விடுங்கள். பயன்படுத்திக்கொண்டால் பிறகு இரண்டுதான் மிச்சம். ஒப்பந்த ஊழியருக்கும் டி.ஆர்.எம்.முக்கும் முதல் நாளிலிருந்தே அது பொருந்தட்டும். அரசு வேலையில் இல்லாதவர்களுக்கு எழும்பூரிலும் மதுரையிலும் கதவைத் திறங்கள். தீவுகளிலிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவும் விடுப்பும், காரணம் எழுதாத விடுப்பாக. மத்திய சுகாதார அமைச்சகம் இதற்குப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த உத்தரவில் 'மணமான தம்பதி' என்ற இடத்தையும் 'சிகிச்சை' என்ற இடத்தையும் திருத்தி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர் சங்கத்துக்காரர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்தத் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும், பட்டியலின் கடைசியில் அல்லாமல்.